பட்டியலில் இல்லாத வீடு

நுழையும்முன்

பேரிடர் நேர்ந்த நாளில் உதவிக்கரங்கள் பல நீளும். சில கரங்கள் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். சில கரங்கள் கேட்டறிந்து கொடுக்கும். குடும்பங்கள் மீண்டும் நிமிர்ந்து நிற்கும்வரை உடனிருக்கும். 2018-ஆம் ஆண்டு கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சிதைத்தபோது, கிறித்தவத் துயர்துடைப்புப் பணியாளர்களோடு வீடுவீடாகச் சென்ற தமிழாசிரியர் ஒருவரின் பட்டறிவே இப்பாடம்.

ஓர் இரவில் மாறிய ஊர்

புதுக்கோட்டை என்றதும் வானம் பார்த்த செம்மண் நிலமும் கண்மாய்க் கரைகளுமே பலருக்கு நினைவில் வரும். ஆலங்குடி வட்டாரத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், மாங்காடு எனத் தொடரும் ஊர்களில் நிலத்தின் முகமே வேறு. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பித் தென்னையும் பலாவும் வாழையும் மல்லிகையும் சோலையாக விரிந்த பகுதி அது. உச்சி வெயிலிலும் ஊர்ப்பாதைகளில் நிழல் படர்ந்திருக்கும். அப்பகுதியில்தான் நான் பிறந்தேன். அங்கேயே தமிழாசிரியராகப் பணியாற்றி வந்தேன்.

2018 நவம்பர் 15-ஆம் நாள் இரவு நாங்கள் வழக்கம்போல் உணவருந்திவிட்டுப் படுத்தோம். புயல் வரும் என்று வானொலியும் தொலைக்காட்சியும் எச்சரித்திருந்தன. கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் நமக்கு என்ன நேர்ந்துவிடும் என்ற எண்ணம் எங்களுக்கு. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 16-ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்த கஜா, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றுடன் உள்நாட்டுக்குள் புகுந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்கள் பேரிழப்புக்கு ஆளாயின.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உருவாகும் புயலில் காற்று கடிகார முள் சுழலும் திசைக்கு எதிராகச் சுழலும். அதனால் புயலின் நடுப்பகுதி ஓர் இடத்தைக் கடக்கும்போது, முதலில் ஒரு பக்கமிருந்து வீசிய காற்று, சற்று ஓய்ந்தபின் எதிர்ப்பக்கமிருந்து வீசும். அன்று இரவு எங்கள் தோட்டங்களில் நிகழ்ந்தது அதுதான். முதற்காற்று வேர்களை அசைத்தது. திரும்பி வந்த காற்று மரங்களைச் சாய்த்தது.

பொழுது விடிந்ததும் வாசலுக்கு வந்தேன். அடுத்த ஊர்க் கோயிலின் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. என் வீட்டு வாசலில் நின்று அந்தக் கோபுரத்தை நான் பார்த்தது அதுவே முதன்முறை. அதுவரை அதனை மறைத்து நின்ற மரங்கள் அனைத்தும் படுத்துக் கிடந்தன. ஓட்டு வீடுகளில் ஓடுகள் இல்லை. குடிசைகளுக்குக் கூரை இல்லை. மழையில் ஊறிய மண்சுவர்கள் உள்வாங்கி விழுந்திருந்தன. தாழ்வான தெருக்களில் நீர் தேங்கி, நெல்மூட்டைகளும் துணிகளும் மாணவர்களின் புத்தகங்களும் சேற்றில் கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்ததால் ஆழ்துளைக் கிணறுகள் அனைத்தும் பயனற்றுப் போயின. பல நூறு அடிக்குக் கீழே நீர் இருந்தது. அதை மேலே கொண்டுவரத்தான் வழியில்லை. ஊரெங்கும் மழைநீர் நிற்க, குடிக்க ஒரு குடம் நீரின்றித் தவித்தோம்.

ஆலயக் கூடம்

எங்கள் ஊரில் கிறித்தவக் குடும்பங்கள் சிலவே. அவர்களுக்கென ஒரு சிறிய ஆலயமும், அதனையொட்டி ஒரு கூடமும் உண்டு. புயலில் ஆலயத்தின் ஓடுகளும் சரிந்திருந்தன. எனினும், விடிந்த சிறிது நேரத்திலேயே பங்குத்தந்தை கூடத்தின் கதவுகளைத் திறந்துவைத்தார். வீடிழந்தவர்கள் குழந்தைகளுடன் அங்கு வந்து சேர்ந்தனர். கூடம் நிறைந்ததும் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகள் திறக்கப்பட்டன.

அன்று ஆலய முற்றத்தில் உலை கொதித்தது. அதற்கான அரிசியில் ஒரு பகுதி அம்மன் கோயில் அன்னதானத்துக்கென வைத்திருந்தது. பக்கத்து ஊர் ஜமாஅத்தார் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கினர். விழுந்த மரங்களையே விறகாக்கினோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர் போன்ற ஊர்களில் கிறித்தவம் முந்நூறு ஆண்டுகளாக வேரூன்றி நிற்கிறது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் மண் இது. ஆகவே, யாருடைய அரிசி, யாருடைய அடுப்பு என்ற பேச்சு எழவில்லை.

ஒன்று மட்டும் என் நெஞ்சை உறுத்தியது. அதே 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, எங்கள் மாணவர்கள் வீடுவீடாகச் சென்று அரிசியும் போர்வையும் திரட்டி அனுப்பினர். மூன்றே மாதங்களில் நாங்கள் கைநீட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கேரளத்திலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் புயல் தாக்கிய மாவட்டங்களுக்கு வந்து, நம் ஊழியர்களோடு தோள்சேர்த்துக் கம்பம் நட்டனர். கொடுப்பவர், பெறுபவர் என்னும் பெயர்கள் நிலையானவை அல்ல என்பதை அவ்வாண்டு எங்களுக்கு உணர்த்தியது.

நான் எழுதிய பட்டியல்

மூன்றாம் நாள் வெளியூர் அன்பர்கள் அனுப்பிய அரிசி லாரி ஒன்று ஊருக்குள் வந்தது. நெரிசலும் பூசலுமின்றி வழங்க ஒரு பட்டியல் வேண்டும் என்றார் பங்குத்தந்தை. ஊரில் எல்லாரையும் அறிந்தவன் என்ற முறையில் அப்பொறுப்பு என்னிடம் வந்தது. அரிக்கேன் விளக்கின் ஒளியில் இரவெல்லாம் அமர்ந்து எழுதினேன். கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், குடும்ப அட்டை எண், சமயம், வகுப்பு என்று கட்டங்கள் வரைந்தேன். பள்ளிப் பதிவேடுகளில் எழுதிப் பழகிய கை அது. இருநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பெயர்களை அடித்தல் திருத்தலின்றி எழுதி முடித்தபோது எனக்குச் சிறிது பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை, ஆலய முற்றத்தில் நின்று பெயர்களை உரக்க வாசித்தேன். ஒவ்வொருவராக வந்து பெற்றுக்கொண்டு சென்றனர். கூச்சலில்லை, குறை சொன்னவர் இல்லை. எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதற்கடுத்த நாள், மறைமாவட்டச் சமூகப்பணி அமைப்பின் சார்பில் ஒரு குழு வந்தது. செவிலியர் பயிற்சி பெற்ற, ஐம்பது வயதைக் கடந்த அருட்சகோதரி ஒருவர் அதற்குத் தலைமை ஏற்றிருந்தார். அவருடன் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த பெண்கள் இருவர் இருந்தனர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற மீனவ ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவேயில்லை. அந்தத் துயரை நேரில் கண்டவர்கள் அவ்விருவரும். "எங்கள் ஊருக்கு எவ்வளவு அரிசி வந்தது என்பது இன்று எங்களுக்கு நினைவில்லை. மூன்று மாதம் கழித்து, 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்களின் முகம் மட்டும் மறக்கவில்லை" என்றார் அவர்களுள் ஒருவர்.

அருட்சகோதரி என் பட்டியலை வாங்கி முழுவதும் படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, சமயம், வகுப்பு என்னும் இரண்டு கட்டங்களின் மேல் மெல்லக் கோடிட்டார்.

"இவ்விரண்டும் நமக்குத் தேவைப்படா ஐயா" என்றார். அதற்குமேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "இந்த ஊரின் கடைசி வீடு எது?" என்று கேட்டார்.

பட்டியலின் இறுதியில் இருந்த கதவு எண்ணைக் காட்டினேன்.

"எண்ணைக் கேட்கவில்லை ஐயா. நீங்கள் யாரும் வழக்கமாகப் போகாத வீடு எது?"

எனக்கு விடை தெரியவில்லை.

கடைசி வீடு

வழியெங்கும் மரங்கள் குறுக்கே கிடந்தன. ஏறியும் குனிந்தும் ஊரின் கிழக்கு எல்லைக்குச் சென்றோம். அங்கே ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்கு அப்பால் ஒரு குட்டை. குட்டைக் கரையில் ஒரு குடிசை இருந்த அடையாளம் தெரிந்தது. கூரை குட்டைக்குள் கிடந்தது. ஒரு மூலைச் சுவரில் தகரத்தைச் சாய்த்து, அதன் அடியில் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். தோப்பு உரிமையாளரின் இடத்தில் குடியிருந்து, கீற்று முடைந்து பிழைப்பவர் அவர். ஊரார் அவரை 'அப்பத்தா' என்றே அழைப்பர்.

அவர் அருகில், ஈரமான புத்தகங்களை ஒவ்வோர் ஏடாகப் பிரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. அவள் நிமிர்ந்ததும் நான் திடுக்கிட்டேன். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி அவள். நாள்தோறும் வருகைப்பதிவேட்டில் அவள் பெயரை அழைக்கிறேன்; "உள்ளேன் ஐயா" என்னும் அவள் குரலைக் கேட்கிறேன். அவள் வீடு எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் தந்தை திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். குடும்ப அட்டை அவருடைய முகவரியில் இருந்தது. கதவு எண் இல்லாத குடிசை. இவ்வூர் முகவரியில் அட்டை இல்லாத குடும்பம். என் அழகான பட்டியலில் இவர்களுக்கு இடமில்லாமல் போனது இப்படித்தான்.

"ஏன் அப்பத்தா அரிசி வாங்க வரவில்லை?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் தாழ்ந்தது.

"பேரு வாசிச்சப்ப பிள்ளை அங்கதான் நின்னுச்சு வாத்தியாரய்யா. கடைசி வரைக்கும் கேட்டுட்டு, எங்க பேரு இல்லேன்னு வந்துருச்சு. இல்லாத பேருக்கு எப்படி வந்து நிக்கிறது?"

அந்தச் சொற்களில் சினம் இல்லை. அதுவே என்னைச் சுட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்று, தன் ஆசிரியரின் குரலில் தன் வீட்டுப் பெயர் வருமா என்று அந்தப் பிள்ளை காத்திருந்திருக்கிறாள். வகுப்பில் தவறாமல் அழைக்கும் அதே குரல், அன்று அவளை அழைக்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் புத்தகத்தின் ஏடுகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றாள். புயல் கடந்து ஐந்து இரவுகளை அவர்கள் அந்தத் தகரத்தின் அடியில் கழித்திருந்தனர்.

கீற்றும் கூலியும்

அருட்சகோதரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தார்ப்பாயும் அரிசியும் எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டு, அப்பத்தாவின் பக்கத்தில் ஈரத்தரையிலேயே அமர்ந்தார். 'என்ன வேண்டும்?' என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். "அம்மா, நீங்கள் என்ன வேலை செய்வீர்கள்?" என்றே கேட்டார்.

அந்தக் கேள்வியில் அப்பத்தாவின் முதுகு நிமிர்ந்தது.

"கீத்து முடைவேன். இந்தச் சுத்துப்பட்டுல பாதிக் கூரை என் கையால முடைஞ்சதுதான்" என்றவர், தோப்பைச் சுட்டிக்காட்டினார். "இம்புட்டு ஓலையும் மண்ணுல கிடக்கு. தோட்டத்துக்காரவுக வழி விடணும்னு இதையெல்லாம் கொளுத்தத் தொடங்கிட்டாக. கொளுத்துறதுக்குள்ள வெட்டி எடுத்து ஊறப்போட்டா, ஊருக்கே கூரை போட்டுறலாம். விட்டுட்டா, இனி கீத்துக்கு எங்க போறது? மரம்தான் இல்லையே!"

நாங்கள் ஐந்து நாள்களாகத் தார்ப்பாய் எப்போது வரும் என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூரைக்கான பொருள் எங்கள் காலடியிலேயே கிடந்தது. அதை அறிந்த ஒரே ஒருவர் என் பட்டியலில் இல்லை.

அன்று மாலையே வேலை தொடங்கியது. இளைஞர்கள் தோப்புகளுக்குச் சென்று, உரிமையாளர்களிடம் பேசி ஓலைகளை வெட்டிச் சேர்த்தனர். ஊருணியில் ஓலைகள் ஊறின. கீற்று முடையத் தெரிந்த பெண்களை அப்பத்தா ஒருங்கு கூட்டினார், தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். முடைந்த கீற்றுகளுக்குச் சமூகப்பணி அமைப்பு நாள்தோறும் கூலி கொடுத்தது. தோட்டங்களில் வேலையிழந்திருந்த பெண்களின் கையில் பல நாள்களுக்குப்பின் அவர்கள் உழைத்து ஈட்டிய காசு வந்தது. அதைக்கொண்டு ஒருவர் தம் பேரனுக்குப் பாலும், மற்றொருவர் மருந்தும், வேறொருவர் வெற்றிலை பாக்கும் வாங்கினர். எதை வாங்குவது என்பதை அவர்களே முடிவு செய்தனர். இலவசமாகப் பொட்டலம் பெற்ற நாளில் அவர்கள் முகத்தில் காணாத தெளிவை அன்று கண்டேன்.

புதிய பட்டியல் ஒன்றும் தேவைப்பட்டது. அதை எழுதும்படி அருட்சகோதரி என் மாணவியிடம் கேட்டார். அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் சென்று எழுதினாள். இரவு எங்கே உறங்குகிறீர்கள், வீட்டில் நோயாளிகளோ கருவுற்றோரோ உளரா, புயலுக்கு முன் என்ன தொழில் செய்தீர்கள் என்னும் மூன்று கேள்விகளே அதில் இருந்தன. கதவு எண்ணுக்கு அதில் கட்டம் இல்லை.

தெரிந்து தெளிவோம்

பேரிடர்த் துயர்துடைப்பில் ஈடுபடும் அமைப்புகளுக்கான நன்னடத்தை நெறிகள் 1994-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்துடன் காரித்தாஸ் பன்னாட்டுக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம், லூதரன் உலகக் கூட்டமைப்பு உள்ளிட்ட அமைப்புகள் இவற்றை உருவாக்கின. மொத்தம் பத்து நெறிகள். இனம், சமயம், நாடு பாராமல் தேவையை மட்டுமே கருதி உதவுதல். சமய, அரசியல் கருத்துகளைப் பரப்ப உதவியைக் கருவியாக்காமை. உள்ளூர் மக்களின் திறன்களைப் பயன்படுத்துதல். உதவி பெறுவோரையும் திட்டமிடலில் பங்கேற்கச் செய்தல். பாதிக்கப்பட்டோரைத் தன்மதிப்புள்ள மனிதராகக் காணுதல் ஆகியன அவற்றுள் சில. இந்தியாவில் காரித்தாஸ் இந்தியா (1962), காசா எனப்படும் திருச்சபைகளின் சமூகப்பணி அமைப்பு (1947) ஆகியவை நெடுங்காலமாகத் துயர்துடைப்புப் பணியாற்றி வருகின்றன.

வரிசையில் நிற்காதவர்

என் பட்டியல் விட்டுவிட்ட இன்னொரு வீடும் இருந்தது. அது என் பெரியப்பா மகனுடைய வீடு. கான்கிரீட் வீடு, ஓர் ஓடுகூட உடையவில்லை. அதனால் அவருக்கு இழப்பில்லை என்று நான் எழுதாமல் விட்டிருந்தேன். ஆனால், அவருடைய தோட்டத்தில் தென்னை ஒன்றுகூட எஞ்சவில்லை.

நெட்டைத் தென்னை நட்டுக் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன்பின் ஐம்பது அறுபது ஆண்டுகள் பலன் தரும். தாத்தா நட்டு, தந்தை காத்து, மகன் பறிக்கும் மரம் அது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு, மரத்துக்கும் அதை வெட்டி அகற்றுவதற்குமாக 1,100 ரூபாய் வழங்குவதாக அரசு அறிவித்தது. அந்தத் தொகை உடனடிச் செலவுக்கு உதவியது. அறுபது வயதைக் கடந்த ஒருவரின் எதிர்காலத்தை அதைக்கொண்டு மீட்க இயலவில்லை. அண்ணன் யாரிடமும் பேசவில்லை. நாள் முழுவதும் தோட்டத்தில் விழுந்த மரமொன்றின் மேல் அமர்ந்திருப்பார். கோயில் திருவிழாவுக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் ஆண்டுதோறும் தேங்காயும் வாழைத்தாரும் அனுப்பிய கை, அரிசிக்காக நீள மறுத்தது. வீட்டில் அரிசி தீர்ந்ததை அண்ணியார்தான் என் மனைவியிடம் சொல்லி அழுதார்.

அருட்சகோதரியிடம் இதைச் சொன்னேன். அவர் தோட்டத்துக்கு வந்தார். கையில் அரிசியோ பொட்டலமோ கொண்டுவரவில்லை. "ஐயா, உங்களிடம் ஓர் உதவி கேட்டு வந்திருக்கிறேன்" என்றார். அண்ணன் தலைநிமிர்ந்து பார்த்தார். "குடிநீருக்கு ஊரே அல்லாடுகிறது. எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. உங்கள் ஆழ்துளைக் கிணறும் டிராக்டரும் வேண்டும். தண்ணீர்த் தொட்டியை ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோக ஆளும் வேண்டும்."

அண்ணன் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் கட்டினார். "டிராக்டர் மேல கிளை விழுந்து கிடக்கு. ரெண்டு பேரு வந்தா எடுத்துறலாம்" என்றார்.

அன்று மாலை அவருடைய கிணற்றிலிருந்து நீர் பீறிட்டபோது, பெண்கள் குடங்களுடன் ஓடிவந்தனர். மின்சாரம் திரும்பும்வரை நாள்தோறும் அவர் தண்ணீர் சுமந்தார். ஒருநாள் கீற்று முடையும் இடத்தில் நீர் இறக்கியபோது, அங்கே சமைத்த கஞ்சியை எல்லாருடனும் அமர்ந்து உண்டார். அது தானம் என்றோ, தாம் பெறுபவர் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. வேலைக்கு நடுவே உண்ட உணவாகவே அது இருந்தது. இழந்தவரிடமும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கண்டறிந்து அவரிடம் கேட்பதும் ஓர் உதவிதான் என அன்று கற்றேன்.

திரும்பி வந்தவர்கள்

இரண்டு வாரங்கள் கடந்ததும் லாரிகளின் வரவு குறைந்தது. செய்தியாளர்கள் வேறு செய்திகளைத் தேடிச் சென்றனர். நெடுஞ்சாலையோர ஊர்களில் பொருள்கள் குவிந்ததும், உள்ளடங்கிய சிற்றூர்களுக்கு எதுவும் எட்டாததும் உண்டு. அன்போடு அனுப்பப்பட்ட பழைய துணிமூட்டைகள், அணிய இயலாத நிலையில் சாலையோரங்களில் நனைந்து கிடந்ததையும் கண்டோம். கொடுத்தவர்களின் அன்பில் குறையில்லை. என்ன தேவை என்று கேட்க அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று.

எங்கள் ஊருக்கு வந்த குழு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. டிசம்பரில் வந்தபோது, பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்கின்றனரா என்று விசாரித்தனர். அவ்வாண்டு எங்கள் ஆலயத்தில் கிறித்துப் பிறப்பு விழா எளிமையாக நடந்தது. வண்ண விளக்குகளுக்கான பணம் சில வீடுகளின் கதவுகளாகியிருந்தது. முற்றத்தில் வைத்த குடிலுக்கு அப்பத்தா முடைந்து கொடுத்த சிறு கீற்றே கூரை. பொங்கலுக்குப்பின் தென்னங்கன்றுகளுடன் வந்தனர். மரம் காய்க்கும்வரை வருவாய்க்கு ஊடுபயிராக என்ன செய்யலாம் என்று விவசாயிகளை அமரவைத்துப் பேசினர். அண்ணன் தம் தோட்டத்தில் முதற்கன்றை நட்டார்.

விவிலியத்தில், லூக்கா நற்செய்தியில், நல்ல சமாரியர் உவமை ஒன்று உண்டு. கள்வரால் தாக்கப்பட்டு வழியோரம் கிடந்த ஒருவரை, அவருடைய சமூகத்தைச் சேராத அயலார் ஒருவர் காப்பாற்றுவார். காயத்துக்குக் கட்டுப்போட்டதையே நாம் பெரிதும் நினைவில் கொள்கிறோம். கதை அங்கே முடிவதில்லை. சமாரியர் அவரைச் சாவடிக்கு அழைத்துச் சென்று, கவனித்துக்கொள்ளப் பணமும் கொடுத்து, மேலும் செலவானால் தாம் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் செல்கிறார். அந்தத் 'திரும்பி வருதல்' எவ்வளவு பெரிய அறம் என்பது, லாரிகள் வராத அந்த மாதங்களில்தான் எனக்குப் புரிந்தது.

அறிதலும் ஈதலும்

திருக்குறளைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்த நான், ஒன்றைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். ஈகை என்பது இருபத்து மூன்றாம் அதிகாரம். அதற்கு முன்னதாக, இருபத்திரண்டாவதாக வள்ளுவர் வைத்திருப்பது ஒப்புரவறிதல். ஒப்புரவு என்றால் ஊரோடு ஒத்து வாழ்தல்; தன்னிடம் உள்ளதைப் பலர்க்கும் பயன்படச் செய்தல். அந்த அதிகாரத்தின் தலைப்பிலேயே 'அறிதல்' என்னும் சொல் இருக்கிறது. யாருக்கு என்ன தேவை, யாரிடம் என்ன திறன் உண்டு என்று முதலில் அறிதல், அதன்பின் ஈதல். நான் அறியாமலே ஈயத் தொடங்கியிருந்தேன். அதனால்தான் என் பட்டியலில் ஒரு வீடு விடுபட்டது.

ஒப்புரவாளனின் செல்வத்துக்கு, நீர் நிறைந்த ஊர்க்குளத்தையும் ஊர் நடுவே பழுத்து நிற்கும் மரத்தையும் வள்ளுவர் உவமையாகக் காட்டுகிறார். கஜா எங்கள் ஊரின் பயன்மரங்கள் அனைத்தையும் ஒரே இரவில் சாய்த்தது. ஆனால், அந்த நாள்களில் கீற்று முடைந்த மூதாட்டியிடமும், தண்ணீர் சுமந்த அண்ணனிடமும், தரையில் அமர்ந்து கேட்ட அருட்சகோதரியிடமும் சாயாத மரங்களைக் கண்டேன்.

அப்பத்தா இன்று இல்லை. அவர் பேத்தி செவிலியர் படிப்பை மேற்கொண்டாள். அவள் எழுதிய அந்தப் பதிவேடு இன்னும் ஆலயக் கூடத்தின் அலமாரியில் இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில், முதல் வரியில் இருப்பது குட்டைக் கரைக் குடிசை.

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் வருகைப்பதிவேடு என் கைக்கு வந்ததும், மாணவர்களின் வீடுகளுக்கு ஒருமுறை சென்று வருகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்ற ஐயம் இப்போது எனக்கு எழுவதில்லை. கடைசி வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பேரிடர்க் காலத்தில் நிகழ்ந்த உதவி ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, கட்டுரையாக எழுதுக.
2. 'ஈகை', 'ஒப்புரவு' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்பாட நிகழ்வுகளைக்கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. புயலோ வெள்ளமோ உங்கள் பகுதியைத் தாக்கினால், வீடுவீடாகச் சென்று கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைக் குழுவாக உருவாக்குக.